வழக்காடிய வாழ்வு

தமிழகத்தின் தென்கீழ்க் கடற்கரை பண்டுதொட்டு முத்துக்குப் பெயர் பெற்றது. பொருநையாறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த கொற்கை பாண்டியரின் துறைமுகமாய் விளங்கியது. ஆறு கொணர்ந்த மணலாற் கடல் விலகவே, கொற்கை உள்நாட்டு ஊராயிற்று, காயல் சிறப்புற்றது. அதுவும் தூர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்தது. போர்ச்சுகீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக இத்துறையைக் கைக்கொண்டனர்.

முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலங்களில், மூழ்குவோர் கல்லொன்றின் துணையால் விரைந்து அமிழ்ந்து, மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலெழுவர். கரை சேர்ந்த சிப்பிகளை ஆயிரக்கணக்கிற் கூறுகட்டித் திறவாமலே ஏலம் விடுவர். உள்ளே முத்துண்டோ இல்லையோ என்பதை வாங்குவோனும் அறியான், விற்போனும் அறியான். 1961ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடியிற் பெருமுத்துக்குளிப்பு நடைபெறவில்லை யாதலின், இக்காட்சியை இன்று நாம் நூல்களிலேயே காணக்கூடும்.

மக்கள் தம்முள் மாறுபட்டு வாதிடும்போதும் பெரும்பாலும் இம்முறையே நிகழ்கின்றது. கூறப்பட்டது யாது என்று திறந்து பாராமல், கூறியவர் யாவர் என்பதை மட்டும் நோக்கி விலை மதிக்கின்றோம். நம்மவர் கூற்றாயின் முத்து என்கின்றோம். அயலார் கூற்றாயின் வெறுஞ் சிப்பி என்று எறிகின்றோம். இக்கடற்கரையிலே பிறந்து, வாழ்நாள் முழுதும் வாதிடுதலையே தொழிலாகவும் தொண்டாகவும் கொண்ட ஒருவர், பெரும்பாலும் சிப்பியைத் திறந்து பார்த்தே விலை கூறினார். ஒருமுறை திறவாமல் வாங்கி இடர்ப்பட்டதும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம். அவரே கப்பலோட்டிய தமிழர் எனப்படும் வ. உ. சிதம்பரனார்.

தூத்துக்குடியை அடுத்த ஒட்டப்பிடாரம் என்னும் ஊரில், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாக 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வழக்குரைஞர். ஆகவே வழக்காடுதல் மகனுக்கு வீட்டிலேயே கேட்டுப் பழகிய ஒன்று. ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பள்ளிக்கல்வி முடித்து, திருச்சிராப்பள்ளியிற் சட்டம் பயின்று, 1894ஆம் ஆண்டில் வழக்குரைஞர் தேர்விற் சிதம்பரனார் வெற்றி பெற்றார். மறு ஆண்டு தம் ஊரிலேயே தொழில் தொடங்கினார். எளியவர்க்காகப் பொருள் வாங்காமலே வாதாடுவார். குற்ற வழக்குகளிற் காவலர் காட்டும் சான்றுகளை ஒவ்வொன்றாகக் குடைந்து கேட்பார். இதனால் எளியவர் வாழ்த்தும் அதிகாரிகள் வெறுப்பும் ஒருங்கே பெருகின. 1900ஆம் ஆண்டில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

நீதிமன்றத்திற் பெற்ற பயிற்சியோடு அவருக்கு மற்றொரு பயிற்சியும் வாய்த்தது. அது சைவ சித்தாந்த நூற்பயிற்சி. தூத்துக்குடிச் சைவ சித்தாந்த சபையின் கூட்டங்களில் அவர் பெருவிருப்போடு கலந்துகொண்டார். சித்தாந்த நூலார் தம் கொள்கையை நிறுவப் புகுமுன், மாற்றார் கொள்கையை அவர்தம் வாயாற் கூறினாற்போலவே முழுதும் எடுத்துரைப்பர். அது பரபக்கம் எனப்படும். அதனை மறுத்தபின்னரே தம் கொள்கையாகிய சுபக்கத்தைக் கூறுவர். மாற்றான் கூற்றைத் திரித்தோ குறைத்தோ கூறி மறுத்தல் வெற்றியாகாது என்பது அவர்தம் துணிபு. இலக்கண நூலாரும் இந்நெறியினரே. நூலுக்குரிய மதம் ஏழு என வகுத்த நன்னூலார், பிறர் கொள்கைக்கு உடன்படுதலை முதலிலும் மறுத்தலை அதன் பின்னும் வைத்தார். பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலையும் ஒரு மதமாகவே எண்ணினார். வாதிடுதல் கற்றவர்க்குரிய ஒழுக்கம் என்று நம் முன்னோர் கருதியமை இவற்றால் விளங்கும். இவ்வொழுக்கம் சிதம்பரனாரிடத்து வேரூன்றியிருந்தது.

அவர் தொடுத்த வழக்குகளுட் பெரியது நீதிமன்றத்தில் நிகழ்ந்ததன்று, கடலில் நிகழ்ந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடும் உரிமை அக்காலத்தில் ஆங்கிலக் கம்பெனி ஒன்றன் கையில் இருந்தது. நாட்டு வணிகர் தம் சரக்குகளை அதன் விருப்பப்படியே ஏற்றவும் இறக்கவும் வேண்டியிருந்தது. இக்கடல் எவருடையது என்னும் வினாவைச் சிதம்பரனார் எழுப்பினார். விடையைக் கப்பலாகவே கொணரத் துணிந்தார். சுதேசிக் கப்பற் கம்பெனி 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பெற்றது. பத்து இலட்ச ரூபாய் முதலீடு. பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட்டு இரண்டு இலட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். கப்பலோட்டும் கலையை நம் நாட்டவர்க்குப் பயிற்றுதலும் கம்பெனியின் நோக்கங்களுள் ஒன்றாக எழுதப்பெற்றது.

முதலில் வாடகைக் கப்பல் கொண்டு தொழில் தொடங்கினர். ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதலால் வாடகைக் கப்பல் கைவிட்டுப் போயிற்று. சொந்தக் கப்பல் வேண்டிச் சிதம்பரனார் பம்பாய் சென்றார். வந்தாற் கப்பலோடு வருவேன், இன்றேற் கடலில் வீழ்ந்து மடிவேன் என்று சூளுரைத்துச் சென்றதாகக் கூறுவர். 1907ஆம் ஆண்டிற் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் தூத்துக்குடித் துறையை அடைந்தன.

ஆங்கிலக் கம்பெனி தன் கட்டணத்தை ஒரு ரூபாய் அளவாகக் குறைத்தது; பின்னர்க் கட்டணமே வேண்டாம் என்று கூறி, ஏறுவோர்க்குக் குடையும் கொடுக்க முன்வந்தது என்பர். ஒரு குடையோ, நாட்டின் உரிமையோ என்னும் நிலையில், குடையை மறுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர் பலர். கையிற் காசில்லாத ஏழைக்கு இம்முடிவு எளிதன்று என்பதை நாம் மறத்தலாகாது. செல்வர் உரிமையைப் பற்றிப் பேசுதல் ஒன்று. எட்டணா மிச்சம் பிடிக்க வேண்டிய கூலியாள் அதனைக் கைவிட்டு உரிமையின் பக்கம் நிற்றல் வேறொன்று.

அதே ஆண்டின் இறுதியிற் சூரத்து நகரிற் கூடிய காங்கிரசு, மிதவாதிகள் தீவிரவாதிகள் என இரண்டாகப் பிளந்தது. திலகரைத் தலைவராகக் கொண்ட பிரிவினரோடு சிதம்பரனாரும் பாரதியாரும் நின்றனர். மறு ஆண்டு பிப்ரவரித் திங்களில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர், கூலி உயர்வும் வார ஓய்வும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் அவரிடையே பேசினர். நகரமே தொழிலாளர் பக்கம் சாய்ந்தது. வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய வழக்கறிஞர் ஒருவர்க்கு முகம் மழித்துக்கொண்டிருந்த நாவிதர், செய்தியறிந்ததும் பாதி மழிப்போடு எழுந்து சென்றுவிட்டார் என்று ஒரு கதை வழங்குகின்றது. சில நாட்களிலேயே முதலாளிகள் இணங்கினர்.

அரசினர் அஞ்சினர். 1908ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர்; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். வழக்கு நடந்தது. தமிழிற் பேசிய பேச்சுகளைப் பற்றிக் காவலர் எழுதிவைத்த குறிப்புகளே பெருஞ் சான்றாக நின்றன. பேசியவன் மொழி ஒன்று. தீர்ப்பளிப்பவன் மொழி மற்றொன்று. இடையிலே எழுதியவன் உள்ளமோ பகையுள்ளம். இத்தகைய சான்றின் வலிமையை மாணாக்கரே எண்ணிப் பார்க்கலாம். ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். அரச நிந்தனைக்காக ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்காக மற்றோர் ஆயுள் தண்டனை. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஆக 40 ஆண்டு. அப்போது சிதம்பரனார்க்கு வயது 36 நிரம்பவில்லை. செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தங் கலங்கினார். அக்கலக்கம் தீரவே இல்லை.

மேன்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பெற்றது. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளிற் சிதம்பரனார் பட்ட துன்பத்தையும், மாட்டுக்கு மாறாகச் செக்கிழுத்த செய்தியையும் நாடறியும். ஆனால் அச்சிறையிலேயே அவர் தொல்காப்பியம் பயின்றதையும், ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் நூலை மனம்போல வாழ்வு என்று தமிழாக்கியதையும், தம் வரலாற்றைச் செய்யுளாக எழுதத் தொடங்கியதையும் பலர் அறியார். 1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. கப்பற் கம்பெனி முந்தின ஆண்டே கலைக்கப்பட்டிருந்தது. வழக்குரைஞர் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையிற் குடியேறிச் சிறு வாணிகங்கள் செய்து இடர்ப்பட்டார்.

அவ்வறுமைக் காலத்தே தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர் பொருட்டுத் திரட்டிய ஒரு சிறுதொகை காந்தியடிகளிடம் இருந்தது. அதனைக் கேட்டுச் சிதம்பரனார் 1915ஆம் ஆண்டிற் பல கடிதங்கள் எழுதினார். தம் வறுமையை மறைக்கவும் இல்லை. பெரியவரிடம் கேட்பதா என்று கூசவும் இல்லை. ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவும் இல்லை. 1916ஆம் ஆண்டில் 347 ரூபாயும் சில அணாக்களும் அவர் கையை அடைந்தன.

இக்காலத்திலேதான் தமிழ்மொழியைப் பற்றிய அரியதொரு வழக்கு நிகழ்ந்தது. சிறையிலே பெருநோய் பற்றிய உடம்போடு வெளிவந்த சுப்பிரமணிய சிவா, சென்னையில் ஞானபானு என்னும் திங்களிதழை நடத்திவந்தார். பாரதியாரோ 1908ஆம் ஆண்டு முதலே புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தார். ஆங்கில ஆட்சியின் எல்லைக்குள் அவர் காலெடுத்து வைத்தாற் சிறை காத்திருந்தது. மூவரும் உயிர்நண்பர், ஒரே கிளர்ச்சியிற் பங்குகொண்டவர். ஒருவர் நோயால் நலிந்தார், ஒருவர் ஊரிழந்தார், ஒருவர் தொழிலிழந்தார். இத்தகையோர் எழுதப் புகுந்தால் தத்தம் துன்பத்தையன்றோ எழுதுவர் என்று நாம் கருதுவோம். 1915ஆம் ஆண்டில் ஞானபானுவில் அவர்கள் வழக்காடியது தமிழ் நெடுங்கணக்கைப் பற்றி.

தமிழ் எழுத்தில் ஒரு குறை உண்டு என்று பாரதியார் எழுதினார். பிறமொழி ஒலிகளையும் பெயர்களையும் உள்ளவாறு காட்டுதற்கு நம் எழுத்துகள் போதா. ஆதலின் ஒலி வேறுபாட்டைக் குறிக்கும் அடையாளங்கள் வேண்டும் என்பது அவர் கருத்து. சிதம்பரனார் அதனை மறுத்து அவ்விதழிலேயே எழுதினார். தமிழுக்கு அதன் எழுத்துகள் போதியனவே. புதியன சேர்த்தல் வேண்டா என்பது இவர் துணிபு.

இவ்வழக்கின் இருபுறத்தும் வலிமை உண்டு. ஓர் எழுத்தே இடத்துக்கேற்ப வேறு வேறாக ஒலித்தல் தமிழின் இயல்பு. கல், தங்கம், அகம் என்னும் மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ககரம் மூன்றிடத்தும் ஒருபடித்தாய் ஒலிக்கவில்லை. தமிழ்ச்சொல்லில் இஃது இடராகாது. நா தானே அறிந்து ஒலிக்கும். அயற்பெயர் வருமிடத்தே இடர்ப்பாடு தோன்றும். பாரதி என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். அது வடசொல். அதன் முதலெழுத்தின் வடமொழி ஒலி வேறு. பால் என்னும் சொல்லின் முதலில் நாம் ஒலிக்கும் பகரம் வேறு. தம் பெயரையே தம் தாய்மொழியில் ஒலித்தவாறு எழுத இயலாத கவிஞர்க்கு இக்குறை உறுத்தியதில் வியப்பில்லை. உலக நாடுகளின் செய்திகளையெல்லாம் நாள்தோறும் தமிழில் எழுதிய இதழாசிரியர் அவர். அயற்பெயர்களோடு அவர் பட்ட பாடு புலவர் பட்டதன்று.

மறுபக்கத்தையும் காண்போம். எம்மொழியின் எழுத்துத்தான் பிறமொழி ஒலிகளையெல்லாம் காட்டவல்லது? தமிழின் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்துண்டோ? நம் தூத்துக்குடி ஆங்கிலேயர் வாயில் டூட்டிகோரின் ஆயிற்றே, அதற்காக அவர்கள் தம் நெடுங்கணக்கில் ஓரெழுத்தேனும் கூட்டினரோ? வந்த சொல்லைத் தம் ஒலிக்கு இசைவித்துக்கொண்டனர். தொல்காப்பியனாரும் வடசொல்லைத் தமிழெழுத்துக்கு இசைவித்தே வழங்குமாறு விதித்தார். சிறையிலே அந்நூலை உயிர்த்துணையாகக் கொண்டு பயின்றவர்க்கு, எழுத்திற் கைவைத்தல் வீட்டின் கடைக்காலிற் கைவைத்தலாகவே தோன்றியிருக்கும்.

ஈண்டு நாம் போற்றத்தக்கது பிறிதொன்று. நாட்டுரிமைப் போரிற் பாரதியார் தம் பக்கத்தவர். அவர்தம் கவிதையிற் சிதம்பரனார்க்கு அளவிறந்த மதிப்பு. அம்மதிப்புக்காக அவர் கருத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை. கருத்தை ஒப்பாமையால் மதிப்பைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. சிவாவும் நண்பர் இருவர் மாறுபடுகின்றனரே என்று ஒரு கட்டுரையை மறைத்து ஒன்றை வெளியிடாமல் இரண்டையும் வெளியிட்டார். பாரதியார் மறைந்து பல்லாண்டுகட்குப் பின்னர்ச் சிதம்பரனார் அவரைப்பற்றி நினைவுக் குறிப்புகள் எழுதினார். அவற்றில் நிறைந்திருப்பது அன்பேயன்றி வேறில்லை. அவ்வழக்கு இன்றும் முற்றும் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. 1978ஆம் ஆண்டிற் தமிழ்நாட்டரசு சில எழுத்துகளின் வடிவத்தைத் திருத்தியது. புதிய ஒலிகளுக்கு அடையாளம் எதுவும் சேர்க்கவில்லை. ஆயினும் ஆய்தத்தைப் பகரத்தின் முன் இட்டு அயலொலி ஒன்றைக் குறிக்கும் வழக்கம் எவர் விதியும் இன்றிப் புகுந்து பரவிவிட்டது. இருவரும் இன்றிருந்தால் மீண்டும் தொடங்கியிருப்பர்.

இனி, நூற்பதிப்பிற் சிதம்பரனார் நின்ற நிலையைக் காண்போம். அந்நாளில் திருக்குறள் என்றாற் பரிமேலழகர் உரையே யாவரும் பயில்வது. அவர்க்கு முற்பட்ட மணக்குடவர் பல குறள்களுக்கு வேறு பாடமும் வேறு பொருளும் கொண்டவர். ஏட்டுப்பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கி, மணக்குடவரின் அறத்துப்பால் உரையைச் சிதம்பரனார் 1917ஆம் ஆண்டில் அச்சிட்டார். வழக்கில் ஒருதரப்பு வாக்குமூலம் மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தலாகாது என்பதை வழக்குரைஞரன்றி யார் நன்கறிவார்? இவ்வாறே தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த பழைய உரையில் எழுத்ததிகாரத்தை 1928ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர்ப் பொருளதிகாரத்தைப் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையுடன் சேர்ந்து வெளிக்கொணர்ந்தார்.

திருக்குறளுக்கு அவர் தாமே உரை வகுக்கப் புகுந்தபோது ஒரு பெருவழக்கை எழுப்பினார். கடவுள் வாழ்த்து, வான்சிறப்பு, நீத்தார் பெருமை ஆகிய முதல் மூன்று அதிகாரங்களும் வள்ளுவர் இயற்றியன அல்ல, பிற்காலத்தார் சேர்த்தவை என்பது அவர் கொள்கை. அவற்றுக்கு இடைப்பாயிரம் என்றே பெயரிட்டார். அவரோ பழுத்த சைவர். சிவஞான போதத்துக்கு உரை எழுதியவர். கடவுளை வாழ்த்தும் அதிகாரத்தைப் பிறர் பாட்டென்று சொல்ல எந்தச் சைவர்க்கு மனம் வரும்? தம் பத்திமைக்கு உவப்பானது எது என்று அவர் பார்க்கவில்லை. நூலின் அமைப்புக்கும் நடைக்கும் பொருந்துவது எது என்றே பார்த்தார். அறிஞர் அக்கொள்கையை ஏற்றிலர். என் மனமும் அதற்கு இசையவில்லை. மூன்று அதிகாரங்களும் வள்ளுவர் வாக்கே என்று கொள்வோருள் யானும் ஒருவன். எனினும் பாடம் சொல்லும்போதெல்லாம் அவர் கொள்கையையும் மாணவர்க்கு எடுத்துரைப்பது என் வழக்கம். முதலதிகாரத்தை மனப்பாடம் செய்து கடந்துபோகும் மாணவர், இவ்வையத்தைக் கேட்டபின் அதனை மீண்டும் ஒருமுறை கருத்தூன்றிப் படிக்கக் கண்டிருக்கின்றேன்.

அவர் திறவாமல் வாங்கிய சிப்பியைப் பற்றி இப்போது கூறவேண்டும். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் பெயர்களைத் தொகுத்துக் கூறும் பழைய வெண்பா ஒன்றுண்டு. அதனைக் கொண்டு இன்னிலையே அந்நூல்களுள் ஒன்று என்று சிலரும் கைந்நிலையே என்று சிலரும் கொண்டனர். ஆகவே பதினெட்டாவது நூல் எது என்பதிற் புலவரிடையே பூசல் மூண்டது. இந்நிலையில் இன்னிலை இதுவே என்று 45 வெண்பாக்கள் அடங்கிய ஏட்டுப்படி ஒன்று சிதம்பரனார் கைக்கு வந்தது. வறுமை வாட்டிய அந்நாளிலும், மறைந்த தமிழ்நூல் ஒன்று கிடைத்ததென்று அவர் பூரித்தார். தாமே உரையும் எழுதி 1917ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். பின்னர் 1931ஆம் ஆண்டிற் கைந்நிலை அச்சேறியது. தொல்காப்பியத்தின் பழைய உரைகளிற் கைந்நிலைச் செய்யுட்கள் எடுத்தாளப்பட்டிருந்தமை அதன் பழமைக்குச் சான்றாயிற்று. இன்னிலை பிற்காலத்தார் ஒருவர் புனைந்த போலிநூல் என்ற முடிவுக்கே ஆராய்ச்சியாளர் பலரும் வந்தனர்.

காவலர் கொணர்ந்த சான்றுகளை அணு அணுவாகக் குடைந்து கேட்ட அதே வழக்குரைஞர், அன்போடு ஒருவர் நீட்டிய ஏட்டை அவ்வாறு குடைந்து கேட்கவில்லை. பகைவன் சான்றை ஐயுறுதல் எளிது. நாம் காண விரும்புவதையே காட்டும் சான்றை ஐயுறுதல் அரிது. இக்குறையைச் சொல்லாமல் விடுவதே பெரியார் வரலாறு எழுதும் முறை என்பாரும் உளர். நாற்பதாண்டுச் சிறையைக் கேட்டுக் கலங்காதவர் பெருமை, 45 வெண்பாக்களாற் குறைந்துபோகும் அளவிற்றன்று.

பொதுவாழ்விலும் அவர் தாம் சரியெனக் கண்ட வழியையே பற்றி நின்றார். 1920ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் கூடிய சிறப்புக் காங்கிரசுக்கு அவர் சென்றிருந்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டத்தின்பால் நாடு முழுவதும் திரும்பிக்கொண்டிருந்தது. நாட்டுக்காகச் செக்கிழுத்தவர் அத்திட்டத்தை ஏற்பதாகத் தலையசைத்திருந்தால், மீண்டும் தலைவராகப் போற்றப்பெற்றிருப்பார். ஏற்க இயலவில்லை, காங்கிரசை விட்டு விலகினார். பிறகு 1927ஆம் ஆண்டிற் சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அங்கும் தம் வேறுபாடுகளை மறையாமல் உரைத்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரை நாடு ஏறத்தாழ மறந்தேவிட்டது. கருத்து மாறுபாட்டுக்கு அவர் தந்த விலை அது.

அவரிடத்து வெறுப்பு நிலைத்ததில்லை என்பதற்கு ஒரு செய்தி போதும். 1908ஆம் ஆண்டு வழக்கில், திருநெல்வேலியில் தொடக்க விசாரணை நடத்தியவர் வாலஸ் என்னும் ஆங்கிலேயர். அவரே பின்னாளிற் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகி, சிதம்பரனார்க்கு வழக்குரைஞர் உரிமை மீளக் கிடைக்கச் செய்தார். நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அயற்பெயரைத் தமிழுக்கு எவ்வாறு இசைவிப்பது என்று ஞானபானுவில் வழக்காடியவர், தம் வீட்டிலேயே அதனைச் செய்து காட்டிவிட்டார்!

உரிமை மீண்டபின் கோவிற்பட்டியிற் சில ஆண்டுகள் தொழில் நடத்தி, 1932ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குத் திரும்பினார். வருவாய் குறைவு, கடன் மிகுதி. நீதிமன்றம் போக எஞ்சிய பொழுதெல்லாம் உரை எழுதுவதிலும் அச்சுத்தாள் திருத்துவதிலும் கழிந்தது. தாம் கப்பல் விட்ட துறையில் வேற்றார் கப்பல்கள் வந்துபோவதைக் கண்டுகொண்டே அவ்வேலையைச் செய்தார். அத்துறைமுகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அப்பெயர் 2011ஆம் ஆண்டில் இடப்பெற்றது.

1936ஆம் ஆண்டின் இறுதியில் நோய் முற்றியது. தம்மைக் காங்கிரசு அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லுமாறு வேண்டினார். எத்துணையோ முறை மாறுபட்டு விலகிய அவ்வியக்கத்தின் கூரையின்கீழ், நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். இறுதி நேரத்திற் பாரதியார் பாடல்களைப் பாடுமாறு கேட்டு, அவற்றைச் செவிமடுத்தவாறே கண்மூடினார் என்பர். அருகிருந்தோர் பாடிய அப்பாடல்கள், குறையுடையன என்று பாரதியாரும் குறையில என்று சிதம்பரனாரும் முன்னொருகால் வழக்கிட்ட அதே எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தன.